ரெண்டு நிமிஷம் ஓடட்டும்

மே 9

தாராஸ் அண்ணாவுக்கு,

ரெண்டு டர்போவும் வெளிய வந்துடுச்சு, இப்ப என் மடியிலதான் இருக்கு, காகிதத்துல கறை இருந்தா அது அப்பாவோட காரு பீட்ரூட்டோட எண்ணெய்!!!

சரி, மொதல்ல மரியாதை. எப்படி இருக்கே? நேரத்துக்குச் சாப்பிடறியா? கோபுரத்துல ஏறி இறங்கி முட்டி வலிக்குதா? நான் நல்லா இருக்கேன். கடிதாசி எழுதறது எனக்கு இதான் மொதல் தடவை. எழுதி முடிச்சதும் நீல டிக் வரும்னு என்னை அறியாமப் பாத்துக்கிட்டிருக்கேன். என்ன வேலைடா சாமி உன்னோடது! சிக்னல் கிடையாது, மனுஷன் கிடையாது, நாள் பூரா காட்டையே பாத்துக்கிட்டு எங்கயாவது புகை தெரிஞ்சா ரேடியோவுல சொல்லணும். உனக்கு முட்டையும் மாவும் கொண்டு வர்ற ஹெலிகாப்டர்ல தபாலும் போடலாம்னு பைலட் வெரா சொன்னாங்க. அதான் எழுதறேன்.

ஏப்ரல்ல நீ கிளம்பும்போது சாவியை மேஜை மேல வெச்சுட்டு, "வண்டிய என்ன வேணா பண்ணிக்கோ"ன்னு சொல்லிட்டுப் போயிட்டே. அப்பா போய் அப்ப ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கலை.

வண்டிய எடுத்தேன். சிக்னல்ல நின்னு கிளம்பினா பின்னால நீலப் புகை. பின்னாடி வந்தவன் கொசு மருந்து அடிக்கிற வண்டின்னு நினைச்சிருப்பான். அன்னைலேர்ந்து வீடியோ பாத்துப் பாத்து நானே கழட்டினேன். எல்லா போல்ட்டும் துரு. ஒண்ணு ஒடிஞ்சே போச்சு, நானும் கூடவே ஒடிஞ்சு அழுதேன். எஞ்சினுக்குள்ள காத்தைத் திணிக்கற இந்த டர்போவுக்குள்ள ஒரு குட்டிக் காத்தாடி இருக்கே, அதைப் பிடிச்சு ஆட்டினா ஆடக் கூடாது இல்ல? ஆடுது. கெழவன் பல்லு மாதிரி ஆடுது.

இப்ப கேள்வி இதான். இந்த ரெண்டையும் உள்ள புதுசு பண்ணி அப்படியே திருப்பி மாட்டறதா? இல்ல, ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு ஒத்தையா ஒரு பெரிய டர்போ போட்டு வண்டிய ராட்சசன் ஆக்கறதா? நீதான் சொல்லணும். செப்டம்பர்ல நீ இறங்கற அன்னைக்கு ஹெலிகாப்டர் தளத்துக்கு நான் பீட்ரூட்டுலதான் வருவேன். அதுல ஏத்தி உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன். எனக்கு இந்த வருஷம் வேற எதுவும் வேணாம்.

உடம்பைப் பாத்துக்கோ. கரடி வந்தா செல்ஃபி எடுக்காதே.

உன் குட்டிப் பிசாசு,
லெஸ்யா

&nbsp;

மே 26

அன்புள்ள லெஸ்யா,

நலம். நீயும் நலம்தானே?

வடமேற்குக் காற்று. தெற்குச் சரிவில் இன்னும் பனி கிடக்கிறது. பார்வைத் தூரம் நன்றாக இருக்கிறது. கரடி ஒன்று வந்தது, குப்பைத் தொட்டியை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. முட்டி வலி இல்லை.

அடித்தள அறையில் இரண்டாவது அலமாரியில் ப்ளம் ஜாம் இருக்கிறது. கெட்டுப்போவதற்குள் சாப்பிடு. அப்பாவின் பனிக்கால பூட்ஸை யாருக்காவது கொடுத்துவிடு.

வண்டி உன்னுடையது. அதைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. செப்டம்பரில் யாரும் வர வேண்டாம். பஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
தாராஸ்

&nbsp;

ஜூன் 4

தாராஸ் அண்ணாவுக்கு,

உன் லெட்டர் கெடைச்சுது. வானிலை அறிக்கைக்கு நன்றி. சௌக்கியமா இருக்கேன், ஜாம் தீந்துடுச்சு, பூட்ஸைக் குடுக்கலை.

கருத்து இல்லையா? உனக்கா? நான் ஐஸ்கிரீமை எந்தப் பக்கத்துலேர்ந்து நக்கணும்னுகூட உனக்குக் கருத்து இருந்துச்சே!

சரி, நீ சொல்லலைன்னா ஊர் சொல்லும்னு நம்ம ரெட்டை டர்போ குரூப்ல ஓட்டு வெச்சேன். போட்டோ போட்ட உடனே ஒரே கூச்சல். பெரிய டர்போவுக்குத்தான் முக்கால்வாசி ஓட்டு. ஹாமில்டன்காரன் ஒருத்தன், "அந்தக் கஞ்சிச் சட்டி ரெண்டையும் செடி வைக்கக் குடும்மா"ன்னு எழுதறான். இன்னொருத்தி, "எண்பத்தெட்டு மாடல், ஜப்பான்லேர்ந்து வந்தது, வலப்பக்க ஸ்டியரிங், இவ்வளவு அழகான கெழவிக்கு பழைய மூச்சே போதும், கை வெக்காதே"ன்னு சண்டைக்கு வர்றா. நான் நடுவுல பாப்கார்ன் சாப்பிடறேன்.

அவங்களுக்கு நம்ம வீட்டுப் பழக்கத்தையும் எழுதினேன். இந்தப் பழைய டர்போவுக்குள்ள ஓடற எண்ணெய்தான் அதைக் குளிர வெக்குது, வேகமா ஓட்டிட்டு வந்து டக்குனு அணைச்சா எண்ணெய் நின்னு போய் உள்ளயே கருகிடும், அதனால நிறுத்தினப்புறமும் எஞ்சினை ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விடணும்னு எல்லாருக்குமே தெரியும். ஆனா அந்த ரெண்டு நிமிஷத்துல அப்பா என்ன பண்ணுவாருன்னு யாருக்கும் தெரியாது இல்ல? "ரெண்டு நிமிஷம் ஓடட்டும். யாரும் எறங்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பொய் சொல்லுங்க." நான் பிரின்சிபாலைக் கடிச்சேன்னு சொன்னது. நீ உன் கணக்கு டீச்சர் ரஷ்ய உளவாளின்னு சொன்னது. அப்பா ஒரு நாள், "மரம் அறுக்கற மில்லுல என்னை மேனேஜர் ஆக்கிட்டாங்க"ன்னாரு. நாம நம்பிட்டோம், கேக் வாங்கச் சொல்லிக் கத்தினோம்.

குரூப்ல இதுக்கு எக்கச்சக்க இதயம் வந்துச்சு. உனக்கும் ஒண்ணு இதோட அனுப்பறேன், பேனாவால வரைஞ்சது.

டர்போவ ரெட் டீர் ஊர்ல மோர்லின்னு ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்திருக்கேன். பிரிச்சுப் பாத்துச் சொல்றேன்னாரு. தயவுசெஞ்சு கருத்து சொல்லு. தண்ணி நிறைய குடி.

லெஸ்யா

&nbsp;

ஜூன் 20

அன்புள்ள லெஸ்யா,

நலம். நீ நலமாக இருப்பதை அறிந்தேன்.

பழையபடியே கட்டச் சொல். பெரியது வேண்டாம். அப்பா வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படி. புதிதாக எதையும் சேர்க்காதே.

சென்ற வாரம் ஆற்றுப் பள்ளத்தில் புகை என்று ரேடியோவில் சொன்னேன். ஆட்கள் பறந்து வந்து பார்த்தார்கள். வெறும் மூடுபனி. யாரும் திட்டவில்லை. இங்கே அதுதான் விதி. சந்தேகம் வந்தால் சொல்லிவிட வேண்டும், பத்து தடவை தவறாகச் சொன்னாலும் பதினோராவது தடவையும் சொல்ல வேண்டும், சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. நல்ல விதி. எல்லா இடத்திலும் இருந்திருக்கலாம்.

கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கு.

தாராஸ்

&nbsp;

ஜூன் 30

தாராஸ் அண்ணாவுக்கு,

சௌக்கியமா? நான் சௌக்கியமா இல்லை. கோவமா இருக்கேன்.

மோர்லி பிரிச்சுட்டாரு. போய்ப் பாத்தேன். மேஜை மேல துண்டு விரிச்சு எல்லாத்தையும் பரப்பி வெச்சிருந்தாரு. உள்ள எண்ணெய் போற வழி பூரா கரி. அடுப்புல தீஞ்சு போன சட்டி மாதிரி, சுரண்டினா செதில் செதிலா வருது. என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுக் கேக்கறாரு:

"யாரும்மா ஓட்டினது இதை? பீட்சா டெலிவரியா?"

"எங்க அண்ணன்."

"உங்க அண்ணனுக்கு அவசரமா ஒண்ணுக்கு வந்திருக்கும் போல. பல தடவை வந்திருக்கும் போல."

"எங்க வீட்ல யாரும் அப்படி அணைக்க மாட்டோம் சார். ரெண்டு நிமிஷம் உக்காருவோம்."

"டர்போ பொய் சொல்லாதும்மா. நல்லா மிதிச்சு நெடுந்தூரம் ஓட்டி, நிறுத்தின நொடியே சாவியத் திருப்பியிருக்காங்க. ஒரு தடவை இல்ல. இந்தக் கரியெல்லாம் ரொம்பப் பழசும் இல்ல, போன குளிர்காலத்து வேலை."

எனக்கு மூஞ்சி சிவந்து போச்சு. நீயா? கடை வாசல்ல ரெண்டு நிமிஷம் உக்காராம நான் எறங்கினதுக்கு ஒரு வாரம் எங்கூடப் பேசாம இருந்த நீயா? போன குளிர்காலத்துல உன்னைத் தவிர யாரும் அதைத் தொடவே இல்லையே. எங்க போனே அவ்வளவு வேகமா? யாருகிட்ட?

கேவலமா நினைக்கறேன்னு நினைக்காதே. சொல்லு, அவ்வளவுதான். பழையபடி கட்டறதா பெருசு போடறதான்னு ஜூலை முடியறதுக்குள்ள மோர்லிக்குச் சொல்லணும், இல்லன்னா செப்டம்பருக்கு ஆகாது.

லெஸ்யா

&nbsp;

ஜூலை 23

தாராஸ் அண்ணாவுக்கு,

உன்கிட்டேர்ந்து ஒரு வரி வரலை. போன தடவை ஹெலிகாப்டர் உன்கிட்ட வந்துட்டுப் போயிருக்கு. "அவன் நல்லாத்தான் இருக்கான், பேட்டரி கேட்டான், சீஸ் கேட்டான்"ன்னு வெரா சொன்னாங்க. எனக்கு எழுத மட்டும் பேனாவுல மை இல்ல போல.

இங்க புகை. சூரியன் ஆரஞ்சு மாத்திரை மாதிரி தொங்குது. எதிர்வீட்டு பெட்ரிஷின் அம்மா மாஸ்க் போட்டுக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க. உன் கோபுரத்துக்குப் பக்கத்துல எரியுதான்னு தினமும் மேப்ல பாக்கறேன். பாத்துட்டு உன்னைத் திட்டறேன்.

எப்பவுமே நீ இப்படித்தான். முக்கியமான நேரத்துல வர மாட்டே. இதை எழுதக் கூடாதுன்னு நாலு மாசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீ வண்டியோட வந்து நின்ன சத்தம் எனக்கு மேல ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சு. வந்துட்டான், இப்ப மேல வந்துடுவான்னு அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். சத்தம் நிக்கவே இல்ல. எல்லாம் முடிஞ்சு நான் கீழ ஓடி வந்தப்ப நீ வண்டிக்குள்ள உக்காந்திருந்தே. எஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ பயந்துட்டே. மேல வந்து பாக்க பயந்துக்கிட்டுக் கீழயே உக்காந்துட்டே. என்னைத் தனியா விட்டுட்டே.

எழுதிட்டேன். கிழிக்க மாட்டேன்.

பெரிய டர்போவே வாங்கப் போறேன். உன் பழையபடி எனக்கு வேணாம். பழையபடி எதுவும் இல்ல.

லெஸ்யா

&nbsp;

ஜூலை 25

லெஸ்யா,

வெரா இறக்கையை நிறுத்தாமல் காத்திருக்கிறாள், அதனால் சுருக்கமாக. உன் கடிதங்கள் எல்லாம் படித்தேன். தீ இங்கிருந்து தூரத்தில்தான் இருக்கிறது, பயப்படாதே.

ஆம், அப்படி ஓட்டியது நான்தான்.

பெரிய டர்போவே போட்டுக்கொள். அல்லது வண்டியை விற்றுவிடு. வடக்கே ஒரு முகாமில் குளிர்காலத்துக்கு ஆள் தேடுகிறார்களாம், கேட்டிருக்கிறேன். கிடைத்தால் இங்கிருந்தே போய்விடுவேன். செப்டம்பரில் வீட்டுக்கு வர மாட்டேன்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி நீ நினைத்திருப்பது அப்படியே இருக்கட்டும்.

தாராஸ்

&nbsp;

ஆகஸ்ட் 5

அண்ணா,

எப்படி இருக்கே? நெசமாத்தான் கேக்கறேன், எப்படி இருக்கே?

உன் லெட்டரைப் படிச்சுட்டு ரெண்டு நாள் வண்டி ஷெட் பக்கமே போகலை. அப்புறம் பெட்ரிஷின் அம்மா அவங்க காரைக் குடுத்து மருந்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்கிட்டு வந்து வீட்டு வாசல்ல நிறுத்தினேன். அணைக்காம உக்காந்திருந்தேன். அவங்க காருல டர்போவே கிடையாது, அண்ணா. அவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "என்னடி, பெட்ரோல் உங்க அப்பன் வீட்டுதா?"ன்னு கத்தினாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. பழக்கம். யோசிக்காமலே கை பண்ற பழக்கம். அதைக் கை பண்ணாம விடணும்னா தலை போற விஷயமா இருக்கணும்.

அப்புறம் அங்கயே உக்காந்து யோசிச்சேன். போன குளிர்காலத்துல நீ அவ்வளவு வேகமா எங்க போனேன்னு உன்னைக் கேட்டேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். நான்தானே கூப்பிட்டேன்.

ஜனவரியில மொதல் தடவை கூப்பிட்டேன். "அண்ணா உடனே வா, மூச்சு விட முடியல அவருக்கு." நீ மில்லுலேர்ந்து வேலை உடுப்போடயே எட்மன்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தே, வண்டிய கோணலா ரெண்டு இடத்தை அடைச்சு நிறுத்திட்டு படியேறி ஓடி வந்தே. அப்பா எழுந்து உக்காந்து ஜெல்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு. "என்னடா, யாரு பணத்தையோ அடிச்சுட்டு ஓடி வந்த மாதிரி வர்றே?"ன்னாரு. அப்புறம் மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் நான் அழுதுக்கிட்டே கூப்பிடுவேன், நீ பறந்து வருவே, அவரு தேறிடுவாரு. கடைசியில ஒரு நாள் வராந்தாவுல நீ வெடிச்சே: "ஒவ்வொரு தடவையும் சாகறாருன்னு சொல்றே, ஒவ்வொரு தடவையும் ஜெல்லி சாப்பிடறாரு! என்னை ரோட்டுல கொல்லப் பாக்கறியா?" நர்ஸ் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.

அதனால மார்ச்ல, அன்னைக்கு, உங்கிட்ட திட்டு வாங்க பயந்து நான் என்ன சொன்னேன்? ஞாபகம் இருக்கு. குரல் கூட ஞாபகம் இருக்கு. "அவசரமில்லண்ணா. மெதுவாவே வா."

நீ என்னை நம்பினே. மெதுவா வந்தே. நிறுத்தினே. அப்பா சொல்லிக் குடுத்த மாதிரி ரெண்டு நிமிஷம் ஓட விட்டே. நான் கீழ ஓடி வந்து, இங்கத்து வண்டிங்க மாதிரி இல்லாம நம்முதுக்கு ஸ்டியரிங் வலப்பக்கம்ங்கறதை மறந்து, வழக்கம் போல இடப்பக்க ஜன்னலைத் தட்டினேன், நீ அந்தப் பக்கத்து சீட்டுல இருந்தே, உன் மூஞ்சி எனக்குச் சரியாத் தெரியல. நீ பயந்துட்டதா நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

நீ பயந்து உக்காரலை. நான் சொன்னதாலதான் உக்காந்தே. அதைச் சொன்னா என் பேரு அதுல வந்துடும்னுதானே ஒரு வரி எழுதாம இருந்தே? நான் உன்னைக் கோழைன்னு நினைச்சாலும் பரவாயில்லைன்னுதானே?

ஆமான்னு மட்டும் எழுது. வானிலை வேணாம்.

லெஸ்யா

&nbsp;

ஆகஸ்ட் 20

லெஸ்யா,

ஆமா.

உன் லெட்டரை வெச்சுக்கிட்டு கோபுரத்து மேல ஒரு பொழுது பூரா உக்காந்திருந்தேன். ரேடியோவுல ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, இருக்கியா இல்லையான்னு.

நீ ஒண்ணு சேர்த்துக்கணும். அன்னைக்கு பார்க்கிங்ல திருப்பும்போது கண்ணாடியில நீலப் புகை தெரிஞ்சுது. அப்பதான் மொதல் தடவையா பாத்தேன். அய்யோ, ஓடி ஓடி டர்போவைக் கெடுத்துட்டேனே, அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாரேன்னு நினைச்சேன். அவரு திட்டுவாருன்னுதான், லெஸ்யா, நான் உக்காந்தேன். மேல போனதும் சொல்றதுக்கு ஒரு பொய்கூட யோசிச்சுக்கிட்டிருந்தேன். வர்ற வழியில மூஸ் மான் ஒண்ணு லிஃப்ட் கேட்டுச்சுன்னு. யோசிச்சு நானே சிரிச்சுக்கிட்டிருந்தப்ப நீ தட்டினே.

அந்த மூஸ் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. எறக்கி விட இடம் இல்ல.

நீ அவசரமில்லன்னு சொன்னதை நான் ஒரு நாளும் தப்பா எடுத்துக்கலை. வராந்தாவுல உன்னைத் திட்டினது நான். இங்க பத்து தடவை தப்பா சொன்னவனை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. உன்னை நான் கேட்டேன். நீ அடுத்த தடவை குரலைத் தாழ்த்திக்கிட்டே. இதை எழுத ஆரம்பிச்சா நீ உன் பங்கைத்தான் எடுத்துப்பே, என் பங்கை எனக்கு விடவே மாட்டே, அது எனக்குத் தெரியும். அதான் எழுதலை.

வடக்கே போற வேலை கெடைச்சிருக்கு. இன்னும் சரின்னு சொல்லலை.

சாப்பிடு. தூங்கு.

தாராஸ்

&nbsp;

ஆகஸ்ட் 27

அண்ணா,

நலம். நலமறிய அவா. பாரு, எவ்வளவு பெரிய மனுஷி ஆயிட்டேன்.

அழுது முடிச்சாச்சு. மூஸை நினைச்சுச் சிரிச்சும் முடிச்சாச்சு. பெட்ரிஷின் அம்மா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு உள்ள உருளைக்கிழங்கு வெச்ச பெரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு கொண்டு வந்து வெச்சுட்டுப் போனாங்க.

இப்ப வண்டி விஷயம். அந்தப் பெரிய டர்போவ ஆன்லைன் கடை கார்ட்டுல போட்டதோட சரி. பட்டனை அமுக்க விரல் வரலை. ஆனா நீ சொன்ன மாதிரி பழையபடி கட்டவும் இல்ல. பழையபடி கட்டினா அந்த ரெண்டு நிமிஷமும் பழையபடி வந்து உக்காந்துக்கும். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் நீ அந்த பார்க்கிங்லதான் உக்காந்திருப்பே. வேணாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்போதே குரூப்ல தேடினேன், வீடியோ பாத்தேன், மோர்லிகிட்ட போய் நின்னேன்.

"அளவு அதே அளவு. ஆனா நடுவுல தண்ணி ஓடற மாதிரி புது உள்பாகம் போட முடியுமா? அப்புறம் எஞ்சின் நின்னப்புறமும் தானா தண்ணிய ஓட்டற குட்டி மின்சார பம்பு?"

"முடியும். வேலை ஜாஸ்தி. பைப்பெல்லாம் புதுசா வளைக்கணும். எவ்வளவு வேகம் கூடும்னு நினைக்கறே?"

"கூடாதுன்னு தெரியும்."

"ஒரு குதிரைசக்தி கூட ஏறாத அப்கிரேடுக்கு இப்படிப் பறக்கற பொண்ணை இப்பதான் பாக்கறேன். அப்படி என்ன அவசரம் உங்களுக்கெல்லாம், எறங்கி ஓட?"

சொன்னேன். பூராவும் சொன்னேன். அவரு துண்டுல கையத் துடைச்சாரு. அப்புறம், "அந்த பீட்சா பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு"ன்னாரு. வேற எல்லா வேலையையும் தள்ளி வெச்சுட்டு இதை எடுத்துக்கிட்டாரு. நேத்து மாட்டிட்டோம்.

இனிமே எப்படின்னா, எவ்வளவு வேகமா வந்தாலும் சாவியத் திருப்பலாம். எஞ்சின் நின்னுடும். பம்பு மட்டும் தனியா முனகிக்கிட்டே ஓடும். நாம எறங்கி ஓடிடலாம். ரெண்டு நிமிஷத்தை வண்டியே பாத்துக்கும்.

அப்பாவுக்கு அன்னைக்கு உன் வண்டிச் சத்தம் கேட்டுச்சான்னு எனக்குத் தெரியாது. கேட்டுச்சுன்னு சொல்லலாம்னு தோணுச்சு, ஆனா இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன். எனக்குக் கேட்டுச்சு. அவ்வளவுதான் தெரியும். அந்தச் சத்தம் கேட்டப்ப நான் தனியா இல்லன்னு நினைச்சேன். அது நெசம்.

வடக்கே போகாதே. மூஸையும் கூட்டிக்கிட்டு வா. பின் சீட்டைக் காலி பண்ணி வெச்சிருக்கேன்.

லெஸ்யா

&nbsp;

செப்டம்பர் 9

அன்புள்ள லெஸ்யா,

நலம். காற்று இல்லை. மழைக்குப் பிறகு எல்லா மலையும் கழுவி வைத்த மாதிரி தெரிகிறது.

பதினெட்டாம் தேதி வெரா என்னை இறக்குகிறாள். வடக்கே வரவில்லை என்று ரேடியோவில் சொல்லிவிட்டேன். பஸ்ஸிலும் வரவில்லை.

அப்பாவின் பூட்ஸைக் கொடுக்காமல் வைத்திருந்தால் கொண்டு வா. என்னுடையது கிழிந்துவிட்டது.

இன்றைய பொய்: எனக்கு வீட்டு ஞாபகமே வரவில்லை.

தாராஸ்

&nbsp;

செப்டம்பர் 12

ரெட்டை டர்போ குரூப்ல இருக்கற எல்லாருக்கும்,

எல்லாரும் சௌக்கியமா? உங்க எண்ணெய் சுத்தமா? நாந்தான், பீட்ரூட் லெஸ்யா. இத்தனை நாளா தலைமறைவா இருந்ததுக்கு மன்னிச்சுக்கோங்க, கடிதாசி எழுதிக்கிட்டிருந்தேன். ஆமா, பேனாவால. சிரிங்க.

உங்க ஓட்டு பெரிய டர்போவுக்குன்னு தெரியும். நான் கேக்கலை. அதே அளவு, புது உள்பாகம், தண்ணி, ஒரு பம்பு. ஹாமில்டன்காரரே, அந்தக் கஞ்சிச் சட்டியோட பழைய உள்பாகம் ரெண்டும் என் ஜன்னல்ல இருக்கு, செடி வெக்கலை. நேத்து நெடுஞ்சாலையில நல்லா மிதிச்சேன். கண்ணாடியில ஒரு துளி நீலம் இல்ல. வீட்டு வாசல்ல வந்து, சாவியத் திருப்பி, கதவைத் திறந்து, திரும்பிப் பாக்காம வாசப்படி வரைக்கும் ஓடினேன். பின்னால பம்பு முனகற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தானா நின்னுது. வாசப்படியிலயே உக்காந்துட்டேன், அதை இங்க விவரிக்க மாட்டேன்.

ஏன் இப்படிப் பண்ணேன்னு கேக்கறவங்களுக்கு: எங்க அண்ணன் மலையிலேர்ந்து இறங்கறான். அவனைத்தான் கேக்கணும், அவன் சொன்னா சொல்லட்டும்.

பதினெட்டாம் தேதி காலையில, நெடுஞ்சாலைக்குப் பக்கத்துல இருக்கற ஹெலிகாப்டர் தளத்து வெளி மைதானத்துல பீட்ரூட்டோட நிப்பேன். ஆல்பர்ட்டாவுல யாரு இருக்கீங்களோ, வண்டியோட வாங்க. ஓடற வண்டி, இழுத்துக்கிட்டு வர்ற வண்டி, எதுவானாலும். ரெட் டீர் மோர்லியும் வர்றாரு, பீட்சாவோட வர்றேன்னு சொல்லியிருக்காரு. ஒரே ஒரு நிபந்தனை. பழைய டர்போ வெச்சிருக்கறவங்க முன்னாடியே வந்து உங்க ரெண்டு நிமிஷத்தை முடிச்சுடுங்க. ஹெலிகாப்டர் தெரியும்போது ஒரு எஞ்சின்கூட ஓடக் கூடாது. எல்லாரும் எறங்கி வெளிய நிக்கணும்.

வர்றவங்க கீழ பேரு போடுங்க. பேருக்குப் பக்கத்துல ஆளுக்கு ஒரு பொய் எழுதுங்க, அதான் எங்க வீட்டு டிக்கெட். இதை உங்க ஆளுங்களுக்கெல்லாம் அனுப்புங்க.

மொதல் பொய் என்னுது: அவசரமில்ல, மெதுவாவே வாங்க.

லெஸ்யா